பேலட் கட்டையை அடுப்பில் எரிக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பழைய பேலட்டுகளைப் பிரித்து பெஞ்சு, அலமாரி, கோழிக்கூடு என்று செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பேலட்டில் பாதிதான் சாமானுக்கு ஆகும், மிச்சம் விறகு. அதைச் சாக்கில் அள்ளிப்போக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்டதையெல்லாம் அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். எல்லாக் கட்டையையும் விற்றுத் தள்ளுகிற அவசரம் எனக்கு இல்லை. எரிக்கக் கூடாததை எரிக்கக் கூடாது என்றே சொல்லியிருக்கிறேன்.

பேலட்டு பேலட்டுங்கிறீகளே, அது என்ன மரம் அண்ணாச்சி?

அது மரத்தின் பெயர் இல்லை. சரக்கை மேலே அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட் வண்டி அடியில் கையை நுழைத்துத் தூக்குவதற்காகச் செய்த பலகைத் தட்டு. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களிலும், கங்கைகொண்டான் சிப்காட்டில் வந்து இறங்கும் எந்திரங்களுக்கு அடியிலும் வரும். வேலை முடிந்ததும் ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடை) போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் பைன். வெளுத்த மஞ்சள் நிறம், லேசான கனம், வெட்டினால் பிசின் வாசம். உள்ளூரில் அடித்தது என்றால் ரப்பர் மரம், மாமரம், சில்வர் ஓக் என்று கைக்குக் கிடைத்த எதுவும் இருக்கும். ஒரே பேலட்டில் மூன்று வகை மரம் பார்த்திருக்கிறேன்.

இத அடுப்புல வச்சு எரிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. சுத்தமான, காய்ந்த, சாயம் பூசாத, மருந்து ஏறாத பேலட் மரம் மற்ற விறகைப் போலத்தான் எரியும். வெந்நீர் போட, நெல் அவிக்க, சோறு பொங்கத் தாராளமாக எரிக்கலாம். சிக்கல் மரத்தில் இல்லை, அது இதுவரை எங்கே கிடந்தது, எதைச் சுமந்தது என்பதில்தான். காட்டில் வெட்டின உடைமரத்துக்கு (சீமைக்கருவேலம்) அப்படி ஒரு பழைய கதை கிடையாது. பேலட்டுக்கு உண்டு. கீழே வரும் கேள்விகளில் பாதி அந்தக் கதையைக் கண்டுபிடிக்கிற வழிதான்.

கட்டையில ஏதோ கதிர் படம் போட்டு சீல் அடிச்சிருக்கே, அது என்ன?

நாடு விட்டு நாடு போகும் மரத்தோடு பூச்சியும் போய்விடக் கூடாது என்று 2002-ல் ஒரு சர்வதேச விதி கொண்டுவந்தார்கள். அந்த விதிப்படி பூச்சி கொன்ற மரம் என்பதற்கான சீல் அது. கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து (இந்தியாவுக்கு ஐ.என்.), செய்தவருக்கான எண், கடைசியாக எப்படிப் பூச்சி கொன்றார்கள் என்பதற்கு இரண்டு எழுத்து. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி இரண்டு எழுத்துதான்.

ஹெச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் வைத்தது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது கணக்கு. மருந்து எதுவும் கிடையாது, எடுக்கலாம். டி.ஹெச். (DH) என்றால் மைக்ரோவேவ் மாதிரி முறையில் சூடாக்கியது, அதுவும் சரி. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயுவில் அடைத்து வைத்தது. எஸ்.எஃப். (SF) என்பதும் ஒரு விஷவாயுதான். இந்த இரண்டும் என் அடுப்புக்குப் போவதில்லை.

சீலே இல்லையே, அப்ப அது மோசமா?

மோசம் என்று இல்லை. அந்த விதி நாடு தாண்டும் மரத்துக்கு மட்டும்தான். கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சரக்கு ஏற்றி வந்த பேலட்டுக்கு யாரும் சீல் அடிப்பதில்லை. பெரும்பாலும் பச்சை மரத்தை அறுத்து அப்படியே ஆணி அடித்திருப்பார்கள்.

சீல் இல்லாததை வாங்கும்போது ஆக்கர் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எந்த கம்பெனியில இருந்து வந்தது?” பிஸ்கட், டைல்ஸ், துணி என்றால் நிம்மதி. மருந்து, உரம், பெயின்ட், ஆசிட் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். தெரியாது என்று சொன்னால், தெரியாத மரம் என்று வைத்துக்கொண்டு, மோந்து பார்த்து, கறை பார்த்து முடிவு செய்யுங்கள். என் மனைவி என்னைவிட மூக்கு கெட்டிக்காரி. ஒரு கிட்டங்கியிலிருந்து வந்த பேலட்டை நான் நல்லது என்று அடுப்பில் வைத்தேன். வெந்நீர் கொதிக்கும் முன்னே அவள் கண் எரிகிறது என்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாள். மிச்சத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே விரல்கடை ஆழத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது. அதிலும் ஹெச்.டி. சீல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீல் பூச்சியைப் பற்றித்தான் பேசும். பிறகு அதன் மேல் எது கொட்டியது என்று அதற்குத் தெரியாது.

ஹெச்.டி.னா சூட்டுல காயவச்சதுதான? அப்ப நேரா அடுப்புல வைக்கலாம்லா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பூச்சி சாகிற சூடு வேறு, மரம் காய்கிற சூடு வேறு. 30 நிமிடச் சூட்டில் பூச்சி செத்திருக்கும், தண்ணீர் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு அது மழையிலும் நனைந்திருக்கும். சூளையில் காயவைத்த மரத்துக்குத்தான் கே.டி. (KD) என்று தனியாகப் போடுவார்கள்.

வெட்டின பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கும். அதை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், வீடு முழுக்கப் புகை. ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வர வேண்டும். மீட்டர் வேண்டியதில்லை. இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டுங்கள்: ‘டங்’ என்று மணி மாதிரி கேட்டால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் ஈரம். இன்னும் உறுதி வேண்டுமா? ஒரு துண்டைத் தராசில் வைத்து எடையைச் சுவரில் குறித்து, நாலு நாளுக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. பேலட் பலகை மெல்லிசு, நம்ம சித்திரை வெயிலுக்கு உருட்டுக்கட்டையைவிடச் சீக்கிரம் காயும். ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பேச்சே வேண்டாம்.

எம்.பி. போட்ட கட்டைதான், ஆனா நாலு வருசமா மொட்டை மாடி வெயில்ல கிடக்கு. விஷம் போயிருக்கும்லா?

வாயு பெரும்பாலும் போயிருக்கும். நாலு வருடம் கூடத் தேவையில்லை, காற்றாடப் போட்டால் சில நாளிலேயே வெளியேறிவிடும். ஆனால் ஒரு பகுதி மரத்தோடு வேதிவினை செய்து புரோமைடாகத் தங்கிவிடும், அதை வெயில் எடுக்காது. எரித்தால் புகையில் வரும்.

ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்ட வாயு இது. ஐரோப்பிய நாடுகள் 2010-ல் அடியோடு நிறுத்திவிட்டன. நம் நாட்டில் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்கு மட்டும் இன்னும் அனுமதி உண்டு, அதனால் தூத்துக்குடி வழியாக வரும் கட்டையில் இந்தச் சீல் கண்ணில் படத்தான் செய்யும். பயந்து ஓட வேண்டாம். வேலிக்கு நடுங்கள், ஆட்டுக்கொட்டகையில் பரண் போடுங்கள். சமைக்கிற இடத்தில் எரிக்க வேண்டாம்.

நீலக் கலர் அடிச்ச பேலட்டு சும்மா கிடக்கு, எடுத்துக்கலாமா?

இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்று, பெயின்ட். இன்னொன்று, முழுக்க நீலம் அடித்தவை பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. கம்பெனிக்காரர் வாங்கியதே இல்லை, அப்புறம் எப்படி உங்களுக்கு விற்பார்? ஒரு தடவை நான் வாங்கி, திருப்பிக் கேட்டு ஆள் வந்து, மானம் போனதுதான் மிச்சம்.

பெயின்ட் இல்லாமல் மரமே பச்சை பாய்ந்து இருந்தால் அது இன்னும் மோசம். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றிய மரமாக இருக்கலாம். வெளியில் போடும் வேலிக்கட்டை, கேபிள் சுற்றி வரும் பெரிய உருளை போன்றவற்றில் இது இருக்கக்கூடும். எரித்தால் ஆர்செனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். ரப்பர் மரத்துக்குப் போரான் மருந்து ஏற்றுவதும் வழக்கம். அடுப்பில் வைத்த கட்டையின் சுடர் பச்சையாக ஆடினால் செம்போ போரானோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இழுத்து வெளியே போட்டுவிடுங்கள்.

நடுவுல உள்ள சின்னக் கட்டைய மட்டும் ஏன் ஒதுக்கிப் போடுதீக?

சில பேலட்டில் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே இருக்கும் கட்டை மரமே இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கியது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். பிளைவுட்டும் அதே கதைதான். அந்தப் பசை எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும், தொண்டையைப் பிடிக்கும். ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள், நாடா, லேபிள் இவற்றையும் கிழித்துவிட்டுத்தான் அடுப்புக்கு.

எங்க ஊரு உப்பளத்துல, மீன் கம்பெனில பழைய பேலட்டு நெறைய கிடக்கு. நல்லா காஞ்சும் இருக்கு. எடுக்கலாமா?

தூத்துக்குடி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கமிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. கூடாது. உப்பு ஊறின மரம் எரியும்போது உப்பிலுள்ள குளோரின் வெளியே வந்து, இரும்பு அடுப்பையும் தகரப் புகைபோக்கியையும் அரித்துத் தின்றுவிடும். கெட்டியான இரும்பு டிரம் அடுப்பு இரண்டு மழைக்காலத்துக்குள் ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுப்பு போனால் வேறு வாங்கலாம். அந்தப் புகையில் டையாக்ஸின் போன்ற நச்சுகளும் உண்டாகும், அதுதான் பெரிய விஷயம். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். வெயிலில் வைத்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும், அதுவே போதும்.

2023 வெள்ளத்துல முங்கின கட்டை இன்னும் அடுக்கி வச்சிருக்கேன், அது?

அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணித் தண்ணீர் மட்டும் ஏறின இடம் என்றால் வண்டலைத் தட்டிவிட்டுக் காயவைத்து எரிக்கலாம். சாக்கடை, பெட்ரோல் பங்க், உரக்கடை எல்லாம் கலந்து நின்ற தண்ணீர் என்றால் நாலாவது பதிலில் சொன்ன எண்ணெய்க் கட்டையின் கதைதான். எந்தத் தண்ணீர் நின்றது என்று எனக்குத் தெரியாது, உங்கள் தெருவுக்குத் தெரியும்.

ஆணிய எல்லாம் பிடுங்கியே ஆகணுமா?

எரிப்பதற்கு வேண்டியதில்லை. இரும்பு ஆணி அடுப்பை ஒன்றும் செய்யாது. பேலட் ஆணி முறுக்கு ஆணி, பிடுங்க நின்றால் உங்கள் இடுப்புதான் பிடிக்கும். ஆணி இருக்கிற இடத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிட்டால் முக்கால்வாசிப் பலகை சுத்தமாக வந்துவிடும். ஆணித் துண்டுகளைத் தனியாக வைத்து வெந்நீர் அடுப்புக்கு மட்டும் போடுங்கள்.

எரிந்தபின் சாம்பலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி இழுத்தால் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாமல் சாம்பலை வாசலில் கொட்டினால் சைக்கிள் டயர் சொல்லும், பிறகு உங்கள் கால் சொல்லும். குத்திவிட்டால் மஞ்சள் வைத்துக்கட்டி உட்காராமல் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

உடைவிறகு மாதிரி நின்னு எரிய மாட்டேங்குதே, ஏமாத்துதீயளா?

ஏமாற்றவில்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் காய்ந்த எந்த மரமும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம்தான் தரும். ஆனால் சீமை உடை (வேலிக்காத்தான், சீமைக்கருவேலம் என்பதெல்லாம் அதுதான்) ஒரே பருமனில் பைனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். விளாத்திகுளம் பக்கம் அதை மூட்டம் போட்டுக் கரியாக்குவதும் அதனால்தான். பைன் குப்பென்று பிடித்து, சுடர்விட்டு எரிந்து, கங்கு தங்காமல் சாம்பலாகிவிடும்.

அதனால் வேலையைப் பார்த்து விறகைப் பிரியுங்கள். பற்றவைக்க, உலை கொதிக்க, வெந்நீருக்குப் பேலட். அல்வா கிண்ட, பரோட்டாக் கல்லுக்கு, கருப்பட்டி காய்ச்ச உடை. கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளை ஒருவர் முதல் அரைமணிக்கு மட்டும் என்னிடம் பேலட் வாங்குவார். உலை தளதளவென்று கொதித்ததும் உடைக்கு மாறிவிடுவார். மறுவீட்டுச் சொதிக்குப் பேலட் பக்கமே திரும்ப மாட்டார். தேங்காய்ப்பாலுக்கு அடங்கின தீ வேண்டும், பைனுக்கு அடங்கத் தெரியாது.

ஒரு சிலிண்டருக்குப் பதிலா எத்தன பேலட்டு ஆகும்?

கணக்குப் போட்டே பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டரில் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி. கேஸ் அடுப்பில் நூற்றுக்கு 60 பாத்திரத்தில் ஏறுகிறது என்று வைத்தால் கிட்டத்தட்ட 94,000. காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 என்று வையுங்கள். சாதாரண மண் அடுப்பில் அதில் நூற்றுக்கு 15 பாத்திரத்துக்குப் போனால் பெரிய விஷயம், மிச்சம் ஊருக்கு. அப்படியானால் 180 கிலோ விறகு வேண்டும். என் தராசில் ஒதுக்கினது போக ஒரு பேலட் 15 கிலோ தேறும். ஆக, 12 பேலட்.

காற்று அடியில் புகும்படி கட்டிய நல்ல புகையில்லா அடுப்பில் நூற்றுக்கு 25 ஏறினால் ஏழு பேலட் போதும். அதாவது விறகை மாற்றுவதைவிட அடுப்பை மாற்றுவதில்தான் லாபம் அதிகம். அறுக்கும் கூலி, உங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

புகைபோக்கில தார் மாதிரி ஒட்டிக் கிடக்கு. பைன் பிசினாலதான?

பிசின்மேல் பழி போடுவது எளிது. உண்மையில் ஈர விறகும் மூச்சு முட்டுகிற தீயும்தான் காரணம். முழுதாக எரியாத புகை மேலே போய்க் குளிர்ந்து தாராகப் படிகிறது. விறகை அடுப்பு வாய் நிறையத் திணிக்காமல், மெல்லிய துண்டு மூன்று நாலு மட்டும் வைத்து, இடையில் காற்றுக்கு வழி விட்டால் தார் குறையும். ஈரம் பார்க்கும் வழியை மேலே சொல்லிவிட்டேன்.

ஏற்கெனவே படிந்ததைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது தீப்பிடித்தால் குழாய்க்குள் எரியும், மேலே ஓலைக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம்.

கருவாடு சுடலாமா இதுல?

மூடின பானையில் வேகும் சோற்றுக்குப் புகை போகாது, சரி. கருவாடு, கத்திரிக்காய், பனங்கிழங்கு என்று தீயில் நேரே காட்டுவதற்குப் பேலட் வேண்டாம். பிசின் புகை கசப்பாக ஒட்டும், மரத்தின் கதையும் முழுக்க நமக்குத் தெரியாது. சிரட்டை கிடக்கும்போது இது எதற்கு?

பேத்திக்குத் தலைக்கு ஊத்தி சாம்பிராணி போடணும், இந்தக் கங்கு எடுக்கலாமா அய்யா?

வேண்டாம் ஆச்சி. பைன் கங்கு நிற்காது, அதோடு பச்சைப்பிள்ளை பக்கத்தில் ஊர் பேர் தெரியாத மரத்தின் புகை கூடாது. சிரட்டைக் கங்கு எடுங்கள். எந்தக் கங்கானாலும் கதவை அடைத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி என்று நினைப்பதற்குள் எழுந்திருக்க முடியாமல் போய்விடும். குளிப்பாட்ட வெந்நீர் போட மட்டும் பேலட் எரித்துக்கொள்ளுங்கள், வெளி அடுப்பில்.

பொங்கலுக்கு வாசல்ல பேலட்டு எரிச்சா என்ன?

எரியும். பொங்கக்கட்டி மேல் பானை வைத்துப் பனையோலையில் பொங்கிப் பழகின வீட்டில் நான் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுச் சுவர ஒட்டி அடுக்கி வைக்கலாமா?

சுவரை விட்டு இரண்டு அடி தள்ளி, கீழே செங்கல் கொடுத்து, மேலே மட்டும் தகரம் போட்டு அடுக்குங்கள். பக்கம் திறந்து கிடக்கட்டும், காற்று போகணும். தரையில் போட்டால் மூன்று மாதத்தில் கரையான் கணக்கை முடித்துவிடும். பூரான், தேள், கட்டுவிரியன் எல்லாவற்றுக்கும் பேலட் இடுக்கு சொந்த வீடு மாதிரி. முழு பேலட்டாக அடுக்கினால் இடுக்கு அதிகம், அறுத்து அடுக்கினால் குறைவு. இருட்டில் கையை விட்டு எடுக்காதீர்கள். டார்ச் அடித்து, கம்பால் தட்டி, அப்புறம் எடுங்கள்.

சாம்பல வச்சு பாத்திரம் விளக்கலாமா, செடிக்குப் போடலாமா?

சாயம், மருந்து, பசை எதுவும் இல்லாத கட்டை மட்டும் எரித்த சாம்பல் என்றால் சரி. காந்தம் போட்டு, சல்லடையில் சலித்த பிறகு விளக்கலாம். இல்லாவிட்டால் எவர்சில்வரில் கோடு விழும், மைனியிடம் திட்டு விழும். கத்திரி, முருங்கைக்குக் கைப்பிடி அளவு தூவலாம். நம்ம பக்கத்து உவர் மண்ணுக்கு அதற்கு மேல் வேண்டாம், சாம்பலே காரத்தன்மை உள்ளதுதான்.

தெரியாத கட்டை ஒன்றே ஒன்று கலந்திருந்தாலும் அந்தச் சாம்பலைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள், ஆனால் முழுக்க ஆறின பிறகு. மேலே ஆறி உள்ளே கனன்ற சாம்பலைச் சாக்கில் போட்டு, அந்தச் சாக்கை என் பட்டறையில் மரத்தூள் பக்கத்தில் வைத்தவன் நான்தான்.